ரிட்டர்ன் கிஃப்ட்டுக்குத் தமிழ்ப் படக்கதைப் புத்தகம்: எதை வாங்கலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும்

கேக் வெட்டி, சமோசா தின்று, பிள்ளைகள் வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில் ஆளுக்கொரு பை கைக்கு வரும். உள்ளே பெரும்பாலும் பிளாஸ்டிக் பென்சில் டப்பா, வாசனை ரப்பர், சோப்பு நுரை ஊதும் குழாய். டப்பாவின் மூடி ஒரு வாரத்தில் கழன்றுவிடும், நுரை அன்று மாலையே தீர்ந்துவிடும். 30 பிள்ளைகளுக்குத் தலைக்கு 80 ரூபாய் என்று வைத்தால் 2,400 ரூபாய். அதே பணத்துக்கு, சில சமயம் அதைவிடக் குறைவாகவே, வண்ணப்படம் போட்ட தமிழ்க் கதைப் புத்தகம் ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம். 4 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுக்க ஏற்ற புத்தகங்களைப் பற்றியது இந்த மதிப்புரை.

பிறந்தநாள் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இனிப்பதில்லை. எல்லாரும் சுற்றி நின்று பாட்டுப் பாடும்போது தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளை உண்டு. வீட்டில் நட்சத்திரம் பார்த்துக் கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகு, பள்ளிப் பதிவேட்டுத் தேதியில் மறுபடியும் புதுச்சட்டை போட வேண்டியிருப்பது சிலருக்குக் குழப்பம். ‘எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது’ என்று சொல்லும் பிள்ளையும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் இன்னொருவர் கொடுத்த பரிசோடு இந்த வாரப் பரிசை ஒப்பிட்டுப் பார்ப்பது ஏழு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. 40, 50 ரூபாய்ப் புத்தகம் இந்தப் போட்டிக்குள் எளிதில் சிக்காது. அதன் விலை என்ன என்று பிள்ளைகள் கேட்பதில்லை, என்ன கதை என்றுதான் கேட்கிறார்கள். கூச்சப்படும் பிறந்தநாள் பிள்ளைக்கும் இது நல்லது. கூட்டத்தின் பார்வை தன்மேல் இருந்து புத்தகத்தின் பக்கம் போய்விடும்.

எங்கே பார்ப்பது? நேஷனல் புக் டிரஸ்ட் 1957-இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம். அதன் நேரு பால புத்தக வரிசையில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. விலை குறைவு, படங்கள் தேர்ந்த ஓவியர்களுடையவை. மற்ற இந்திய மொழிகளிலிருந்து வந்த கதைகள் அதிகம் என்பதால் வடகிழக்கின் மலையும் ராஜஸ்தானின் மணலும் பிள்ளைக்கு அறிமுகமாகும். சிலவற்றின் தமிழ் கொஞ்சம் பழைய பாடப்புத்தக நடை. வாங்கும் முன் இரண்டு பக்கம் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2004-இல் தொடங்கியது. ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு என் முதல் தேர்வு இவர்களுடைய மெல்லிய புத்தகங்கள்தான். பின்னட்டையில் வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை குறிப்பிட்டிருக்கும். நிலை 1 என்றால் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான், மீதியைப் படம் சொல்லும். நிலை 3-க்குப் போனால் பத்தி பத்தியாக ஓடும். இந்த எண் ஒன்று இருப்பதாலேயே, பிள்ளையைத் தெரியாதவர்கூடச் சரியான புத்தகத்தை எடுத்துவிட முடிகிறது.

சென்னையின் டூலிகா 1996-இலிருந்து படப்புத்தகம் போடுகிறது. தாள், அச்சு, ஓவியம் மூன்றும் உயர்தரம். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் இருமொழிப் புத்தகங்கள் இவர்களிடம் நிறைய. ஆனால் விலை மற்றவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு. 30 பேருக்குக் கட்டுப்படியாகாது. பிறந்தநாள் பிள்ளைக்கு நீங்கள் தனியாகக் கொடுக்கும் பரிசுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். தேனாம்பேட்டையில் இருக்கும் பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ வெளியீடுகளில் அறிவியல், உலக நாட்டுக் கதைகள், தமிழிலேயே எழுதப்பட்ட சிறுவர் கதைகள் என்று பரப்பு பெரிது. கறுப்பு வெள்ளைப் படங்கள் கொண்டவையும் கலந்திருக்கும். எட்டு வயதுக்கு மேல் அது குறையில்லை, ஐந்து வயதுக்கு வண்ணம் வேண்டும்.

பதிப்பகத்தின் பெயரை மட்டும் நம்பி மொத்தமாக ஆர்டர் போட வேண்டாம். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு பிரதியைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

முதலில் நடுப்பக்கம். 16 அல்லது 24 பக்கப் புத்தகம் என்றால் நடுவில் இரண்டு பின் அடித்திருக்கும். அதைத் தரையில் விரித்துவைத்தால் கை பிடிக்காமலே தட்டையாகக் கிடக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் குப்புறப் படுத்துத் தலையோடு தலை முட்டிக்கொண்டு படிக்க அதுதான் வசதி. பசை போட்டு ஒட்டிய முதுகு என்றால் விரித்த கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும், அழுத்தி அழுத்தித் திறந்தால் தாள் கழன்று வரும். பின்னின் நுனி உள்பக்கம் முழுதாக மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய இருப்பில் பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை இருக்கும், அப்படிப்பட்டதைத் தள்ளிவிடுங்கள்.

அடுத்து எழுத்து. தமிழ்ச் சொல் நீளமானது. குறுகிய கட்டத்துக்குள் வரிகளை அடைத்தால் ‘ஓடிக்கொண்டி-’ என்று ஒரு வரியிலும் ‘ருந்தது’ என்று அடுத்த வரியிலும் உடையும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை அங்கேதான் நின்றுபோகும். சொல் உடையாமல் வரி முடிகிற புத்தகத்தைத் தேடுங்கள். அடர்ந்த நிறப் படத்தின்மேல் எழுத்தை ஏற்றியிருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி கண்ணில் படாது. ‘பல்’ என்பதைப் பிள்ளை ‘பல’ என்று படித்துவிட்டு விழிக்கும்.

மூன்றாவது, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது. பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்களில் பல மொழிபெயர்ப்புகள். அவற்றில் நல்லதும் உண்டு, சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் போட்டதும் உண்டு. ‘அவள் தன்னுடைய பையிலிருந்து தன்னுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்’ என்று ஒரு வரி இருந்தால் வைத்துவிடுங்கள். ‘பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்’ என்பது போதும். வேறு யார் பையில் இருந்து எடுக்கப் போகிறாள்? ‘அது ஓர் அழகான நாளாக இருந்தது’ என்று தொடங்கும் கதையும் அப்படித்தான். உரையாடலையும் கவனியுங்கள். கதை எழுத்துத் தமிழில் ஓடலாம், ஆனால் நாய்க்குட்டியிடம் பேசும் பிள்ளை ‘நீ எங்கே செல்கிறாய்?’ என்று கேட்டால் படிக்கிற பிள்ளைக்கு ஒட்டாது. ‘எங்கே போறே?’ என்று இருந்தால் அதற்குக் குரலே வந்துவிடும். ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கும்போது உங்கள் நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கினால், பிள்ளையின் நாக்கு பத்து இடத்தில் தடுக்கும்.

வயதைக் கணக்கிடுவதில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். ஆங்கில வழியில் படிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை, தமிழை ஒன்றாம் வகுப்பு வேகத்தில்தான் படிக்கும். அதற்கு அதன் வயதுக்குரிய புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டு பக்கத்தோடு மூடிவிடும். ஒரு நிலை குறைத்தே வாங்குங்கள். எளிதாக இருக்கிறதே என்று எந்தப் பிள்ளையும் புத்தகத்தைத் தூக்கிப் போட்டதில்லை, முழுதாகப் படித்துவிட்ட பெருமைதான் இருக்கும். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் தன் சிறு புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்காகப் பிரித்திருக்கிறது. கடையில் நிற்கும்போது இந்த நான்கு சொல்லை மனதில் வைத்துக்கொண்டால் போதும். உங்கள் கையில் இருக்கும் புத்தகம் எந்தப் படி என்று உடனே தெரியும்.

எண்ணிக்கைக்கு வருவோம். 30 பேருக்கு ஒரே தலைப்பில் 30 பிரதி வாங்குவது வீண். ஆறு தலைப்பு, ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி, அதற்குமேல் மூன்று உபரி என்று 33 வாங்குங்கள். மறுநாளே மாற்றிப் படிக்கத் தொடங்குவார்கள், ஒரு புத்தகம் ஆறாகிவிடும். ஆறும் ஒரே அளவில், ஒரே பருமனில் இருக்கட்டும். ஒன்று பெரிதாக இருந்தால், உள்ளே என்ன கதை என்று பார்க்காமலே எல்லாரும் அதற்குத்தான் கை நீட்டுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு இளவரசி, ஆண்பிள்ளைகளுக்குக் கார் என்று பிரிக்கவும் வேண்டாம். யானை, மழை, இட்லி, தொலைந்துபோன செருப்பு பற்றிய கதைகள் எல்லாருக்கும் பொது.

ஒரே தலைப்பில் ஐந்து பிரதி கடையில் இருக்காது என்பதுதான் நடைமுறையில் வரும் சிக்கல். சிறுவர் புத்தகங்களை மறு அச்சுப் போட மாதக்கணக்கில் ஆகும். இணையக் கடைகளில் ‘இருப்பில் உள்ளது’ என்று காட்டிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பணத்தைத் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. பிறந்தநாளுக்கு மூன்று வாரம் முன்பே ஆர்டர் போடுங்கள், எட்டுத் தலைப்பைப் பட்டியலில் வைத்துக்கொண்டு கிடைக்கும் ஆறை எடுங்கள். பதிப்பகத்துக்கே நேராகத் தொலைபேசியில் பேசினால், 30 பிரதி என்றதும் கழிவு தருவார்களா என்று கேட்கலாம். 10 சதவீதம் கேட்பதில் தயக்கம் வேண்டாம், புத்தகக் காட்சிகளில் அதுதான் வழக்கமான கழிவு.

புத்தகக் காட்சி பக்கத்தில் வந்தால் காத்திருந்து அங்கேயே வாங்குங்கள். சென்னையில் ஜனவரி, கோவையில் ஜூலை, ஈரோட்டில் ஆகஸ்ட் என்று வரிசையாக வரும். ஆண்டு முழுவதும் வரப்போகும் பிறந்தநாட்களுக்கு ஒரே நாளில் வாங்கி அலமாரியில் வைத்துவிடலாம். சென்னைக் காட்சியில் சனி ஞாயிறு மாலையில் சிறுவர் அரங்குகளில் நிற்கவே இடம் இருக்காது. வார நாளில் திறந்தவுடன் போனால் கீழே உட்கார்ந்துகூடப் படித்துப் பார்த்து எடுக்கலாம். கடைசி இரண்டு நாளில் நல்ல தலைப்புகள் தீர்ந்துபோயிருக்கும்.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் புத்தகத்துக்கு வரி போட்டிருந்தால் கேளுங்கள். புத்தகத்தோடு கிரேயான், பொம்மை சேர்த்து விற்கும் பெட்டிகள் வேறு கணக்கு. வெளியூர்ப் பிள்ளைக்கு அனுப்ப வேண்டுமென்றால் அஞ்சலகத்தில் 2025 மே மாதம் தொடங்கிய ‘ஞான் போஸ்ட்’ சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை அதிகபட்சம் 100 ரூபாய், வரி தனி. மெல்லிய புத்தகங்கள் மூன்று நான்கை 300 கிராமுக்குள் அடக்கிவிடலாம். பொட்டலத்துக்குள் பொம்மையோ சாக்லேட்டோ வைத்தால் இந்தக் கட்டணம் செல்லாது. தரைவழியில்தான் போகும் என்பதால் பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னால் அனுப்பிவிடுங்கள்.

கடையில் எதுவும் சரியாக அமையவில்லை என்றால் வீட்டிலேயே அச்சிடவும் வழி உண்டு. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். திறந்த உரிமம் என்பதால் அச்சிட்டுக் கொடுக்கத் தடையில்லை, எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் வெட்டிவிடக் கூடாது. ஆனால் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 16 பக்கக் கதைக்கு நான்கு ஏ4 தாள், இருபுறமும் என்றால் எட்டு வண்ணப் பக்கம். பக்கத்துக்குப் பத்து ரூபாய் என்றாலும் 80 ரூபாய் ஆகிறது. அச்சிட்டு விற்கும் புத்தகமே மலிவு. எனவே ஐந்தாறு பிரதி மட்டும் தேவைப்படும்போது இது சரி. பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், மீதி வந்தால் வெற்றுப் பக்கம் சேருங்கள். பிரிண்டரில் ‘புக்லெட்’ தேர்ந்தெடுத்து, இருபுற அச்சில் தாளின் குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்லுங்கள். நீண்ட விளிம்பு என்று விட்டுவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு பக்கம் தலைகீழாக வரும். சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பு வரை எட்டாது. அதை முழுதாகத் திறந்து, தாளுக்கு அடியில் தெர்மாகோல் துண்டை வைத்து, வெளிப்பக்கத்திலிருந்து மடிப்பின்மேல் அழுத்துங்கள். பின் தெர்மாகோலில் இறங்கும், தாளை மெல்லத் தூக்கி, உள்பக்கம் நீட்டியிருக்கும் கால்களை ஸ்பூனின் முதுகால் மடக்கி, மேலே ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள்.

கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். பிறந்தநாள் பிள்ளையின் படத்தை அட்டையில் ஒட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. அப்படிச் செய்தால் புத்தகம் கடைசி வரை அந்தப் பிள்ளையுடையதாகவே தோன்றும். அதற்குப் பதில் உள்ளட்டையில் ‘இந்தப் புத்தகம் ____________ உடையது’ என்று ஒரு சின்னச் சீட்டு ஒட்டி, கோட்டை வெற்றாக விடுங்கள். வாங்கிய பிள்ளை தன் பெயரைத் தானே எழுதட்டும். வண்ணக் காகிதத்தில் சுற்ற வேண்டாம். சுற்றினால் பை வீட்டுக்குப் போகும் வரை திறக்கப்படாது, சுற்றாவிட்டால் மாடிப்படியிலேயே உட்கார்ந்து புரட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆறு அடுக்காக மேஜையில் பரப்பி, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொல்வது இன்னும் நல்லது. கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளையைத் தன் பிறந்தநாளில் அந்த மேஜைக்குப் பின்னால் நிற்க வையுங்கள். ‘இதுல பூனை வரும், இதுல பேய் வரும்’ என்று சொல்ல அதற்கு ஒரு வேலை கிடைக்கும்.

வீட்டில் கொண்டாட்டமே வேண்டாம் என்று பிள்ளை சொன்னால், அந்த ஆறு தலைப்பிலும் ஒரு பிரதியை மட்டும் வாங்கி வகுப்பு நூலக மூலைக்குக் கொடுத்துவிடலாம். ஆசிரியரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய அலமாரிக்குப் போகும் என்றால், கயிறு கட்டித் துணிக்கவ்வியால் தொங்கவிட அனுமதி கேளுங்கள், அட்டை வெளியே தெரிந்தால்தான் கை போகும். கொண்டாடி 33 பிரதி வாங்கியிருந்தால், உபரி மூன்றும் அன்று பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு. அவர்கள் திரும்பி வரும் நாளில் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.