கணினி 16 டிபி என்று காட்டினாலும் நம்பிவிடாதீர்கள்

ஹார்ட் டிஸ்க் என்று விற்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி, அதோடு ஒரு யூஎஸ்பி ஒயர், மேலே "16 டிபி" (டெராபைட், அதாவது சுமார் 16,000 ஜிபி) என்ற அச்சு. இணையக் கடைகளில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் படியுங்கள்.

வீட்டில் சேர்ந்து கிடந்த பழைய டிஸ்க்குகளில் உள்ள படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கத்தான் அதை வாங்கினேன். செருகியதும் விளம்பரத்தில் சொன்ன கொள்ளளவையே விண்டோஸ் காட்டியது. நகலெடுக்கும்போது ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. கடைசியாகப் போட்ட வீடியோவை அப்போதே திறந்து பார்த்தேன், ஓடியது. சில நாள் கழித்து மறுபடி செருகினால் ஃபோல்டர்கள் இருக்கின்றன, ஃபைல் பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் அளவும் சரியாக இருக்கிறது. உள்ளேதான் ஒன்றுமில்லை. முதலில் போட்ட படங்கள் நன்றாகத் திறந்தன. அடுத்து வந்தவை பாதிக்கு மேல் சாம்பல் நிறம். அதற்குப் பிறகு போட்டவை திறக்கவே இல்லை.

உறையைக் கழற்றினால் சின்ன சர்க்யூட் போர்டு, அதில் சொருகிய மெமரி கார்டு, எடைக்காக ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு. சோதித்ததில் உண்மையான இடம் 64 ஜிபிகூட முழுதாக இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். செருகிய கருவியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கணினி அளந்து பார்ப்பதில்லை, அந்தக் கருவியிடமே கேட்கிறது. கருவிக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி எந்த எண்ணை வேண்டுமானாலும் சொல்ல வைக்கலாம். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வரும் தரவை அது அப்படியே கைவிடும், அல்லது பழைய தரவின் மேலேயே எழுதும். இரண்டு நிலையிலும் "எழுதியாயிற்று" என்றே கணினிக்குப் பதில் சொல்லும். ஃபைல் பட்டியல் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் பெயர்களும் அளவுகளும் மட்டும் தப்பிவிடுகின்றன. நகலெடுத்தவுடன் திறந்த வீடியோ ஓடியதற்கும் காரணம் உண்டு: அது கணினியின் தற்காலிக நினைவகமான ராமில் அப்போதும் இருந்தது. டிஸ்க்கில் இருந்து வரவே இல்லை.

இந்த ஏமாற்று வேலை செல்லுபடியாவதற்குக் காரணம், ஹார்ட் டிஸ்க்குகளின் வளர்ச்சி உண்மையாகவே நம்ப முடியாத வேகத்தில் இருந்ததுதான். 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் கணினியின் டிஸ்க் பிரிவில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். 1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி டிஸ்க்குடன் வந்தது. 2007இல் ஹிட்டாச்சி முதல் 1 டிபி டிஸ்க்கை வெளியிட்டது. இன்று 3.5 அங்குல டிஸ்க் 30 டிபியைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு படிக்கும் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. டிஸ்க்கில் நெருக்கமாக எழுதிய தரவைப் படிக்க உதவிய ராட்சத காந்தத்தடை விளைவை 1988இல் கண்டறிந்த ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் க்ரூன்பெர்க் இருவருக்கும் 2007இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. பிறகு டிஸ்க்குக்குள் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்தார்கள், லேசரால் தட்டைச் சூடாக்கி எழுதவும் செய்தார்கள். இதையெல்லாம் பார்த்தவர்களுக்கு எந்த எண்ணும் நடக்காததாகத் தோன்றாது. ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்கள் பிழைப்பது அந்த நியாயமான நம்பிக்கையில்தான். எனக்கு ஆத்திரமே இதில்தான்.

ஆகவே எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அளவோடு சேர்த்துப் பாருங்கள். பையில் போகும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் பல ஆண்டுகள் 5 டிபியிலேயே நின்றது, 2024இல்தான் 6 டிபி வந்தது. 16 டிபி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, ஆனால் அது 3.5 அங்குலம், கனமானது, வெளியே வைத்துப் பயன்படுத்தும் பெட்டியாக வாங்கினால் தனி பவர் அடாப்டரோடு வரும். "எஸ்எஸ்டி" (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்று சொன்னால் விலையைப் பாருங்கள். அதே கொள்ளளவுள்ள ஹார்ட் டிஸ்க்கைவிட மலிவாகக் கொடுத்தால் அது எஸ்எஸ்டி அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தேவையில்லாமல் பயப்படக் கூடாது. 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிவது மோசடி இல்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது. இடம் அதேதான்.

நட்சத்திர மதிப்பீடுகள் உதவாது. பெரும்பாலானோர் பொட்டலம் வந்த அன்றே எழுதுகிறார்கள். அப்போது டிஸ்க்கில் நாலைந்து படங்கள்தான் இருக்கும், எல்லாம் திறக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை, நிரப்பிப் பார்க்கவில்லை அவ்வளவுதான்.

நிரப்பிப் பார்ப்பது ஒன்றே நம்பகமான வழி. அதற்கான மென்பொருள் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 (F3). இரண்டும் இலவசம். டிஸ்க் முழுதும் சோதனைத் தரவை எழுதி, பிறகு திரும்பப் படித்து ஒப்பிடும். உண்மையான 4 டிபி டிஸ்க்குக்கே பல மணி நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரமென்றால் வேலிடிரைவ் (ValiDrive) என்ற விண்டோஸ் மென்பொருள் ஆங்காங்கே எழுதிப் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். காலி டிஸ்க்கிலேயே இதைச் செய்யுங்கள், உங்கள் ஃபைல்களைப் போடுவதற்கு முன்.

நான் புகார் செய்தபோது விற்பனையாளர் முதலில் ஃபார்மேட் செய்யச் சொன்னார். பிறகு பொருளை நானே வைத்துக்கொண்டு பாதிப் பணத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். இரண்டையும் ஏற்காதீர்கள். ஃபார்மேட் செய்தால் கொள்ளளவு அதிகமாகாது, கெடுதான் கடந்து போகும். பாதிப் பணத்துக்குச் சம்மதித்தால் புகார் முடிந்ததாகக் கணக்கு. ஏமாந்தவர்களைக் குறிவைத்து "தரவை மீட்டுத் தருகிறோம்" என்று வருபவர்களிடமும் பணம் கொடுக்காதீர்கள். அழிந்த தரவைச் சில நேரம் மீட்கலாம், எழுதப்படாததை யாராலும் மீட்க முடியாது. என் தம்பி தன் பழைய லேப்டாப்பில் இருந்ததை இந்தப் பெட்டிக்கு மாற்றிவிட்டு லேப்டாப்பில் இருந்ததை அழித்து அதை ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். அதில் இருந்த அவன் மகளின் முதல் வருடப் படங்கள் போனது போனதுதான்.

பணத்தைத் திரும்பக் கேட்கும்போது "பிடிக்கவில்லை" என்ற காரணத்தைத் தேர்வு செய்யாதீர்கள். "போலி" அல்லது "விளம்பரத்துக்கு மாறானது" என்று போட்டு, சோதனை முடிவின் ஸ்க்ரீன்ஷாட்டை இணையுங்கள். எனக்கு முழுப் பணமும் வந்தது அந்த ஸ்க்ரீன்ஷாட்டால்தான். உறையைக் கழற்றுவதாக இருந்தால் விற்பனைத் தளம் பதில் சொன்ன பிறகு கழற்றுங்கள், முதலிலேயே பிரித்தால் அதையே சாக்காகச் சொல்லி மறுப்பார்கள்.