கேள்விக்கு அனுமதியா, ஆளுக்கு அனுமதியா?

அமெரிக்காவில் மனிதர்களின் மரபணுத் தரவை ஆராய விரும்புகிறவர்களுக்கு அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, பல ஆய்வுகளின் தரவுத் தொகுப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் டிபிகேப் (dbGaP) களஞ்சியம். இன்னொன்று, தன்னார்வலர்களிடமிருந்து உடல்நலத் தகவலும் ரத்தமும் திரட்டும் ‘ஆல் ஆஃப் அஸ்’ (All of Us) திட்டம்.

டிபிகேப்பில் கேள்விக்குத்தான் அனுமதி. எதற்காகத் தரவு வேண்டும் என்று எழுதி, நிறுவனப் பொறுப்பாளரின் ஒப்பம் வாங்க வேண்டும். அப்புறம் தரவு அணுகல் குழு அதைப் பங்கேற்பாளர்கள் தந்த ஒப்புதலோடு வைத்துப் பார்க்கும். ஒரே விண்ணப்பத்தில் நான்கு தொகுப்புகளைக் கேட்டாலும், அவை வெவ்வேறு குழுக்களுக்குப் பிரிந்து போகலாம். அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

ஆல் ஆஃப் அஸ் ஆளைப் பார்க்கிறது. நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருந்து, ஆராய்ச்சியாளர் அடையாளத்தை நிரூபித்து, பயிற்சி முடித்து, நடத்தை விதிகளில் கையெழுத்திட்டால் போதும். அதன்பின் ஒவ்வொரு புதுக் கேள்விக்கும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. இதைக் கடவுச்சீட்டு முறை என்கிறார்கள்.

அப்படியென்றால் காவல் தளர்ந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியிருக்கிறது. தனிமனிதர் தரவை இறக்கிக்கொள்ள முடியாது. திட்டத்தின் இணையவழி மேகக் கணினிக்குள்ளேயே வேலை செய்ய வேண்டும். ஆய்வு முடிவு அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஏழு பேர் என்று வந்தால் அந்த எண்ணை வெளியிட முடியாது. இருபதைத் தாண்ட வேண்டும். யார் எதை ஆராய்கிறார் என்ற விவரம் பொதுமக்கள் பார்வைக்கே வந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ரத்தம் கொடுத்தவரே தன் தரவு எங்கே போகிறது என்று பார்க்கலாம்.

ஆகவே புதிதாகத் தொடங்கும் தரவுத் திட்டங்களுக்குக் கடவுச்சீட்டு முறையே மேல் என்பேன். ஆனால் குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டும் ஒப்புதல் வாங்கிச் சேர்த்த பழைய தொகுப்புகளுக்கு அதை அப்படியே போட்டுவிடக் கூடாது. அரிசோனாவின் ஹவசுபாய் பழங்குடி மக்கள் 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் கொடுத்த ரத்தம் நீரிழிவு ஆய்வுக்கு என்றுதான் நினைத்தார்கள். அது மனச்சிதைவு ஆய்வுக்கும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. வழக்கு நடந்து, 2010-இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து மாதிரிகளையும் திருப்பித் தந்தது. அந்தக் காயத்தை மறந்து வேகத்தைப் பேசக் கூடாது.

பழைய தொகுப்புகளுக்கு நடுவழி ஒன்று உண்டு. ஒப்புதல் நிபந்தனைகளைக் கணினி படிக்கும் குறியீடுகளாக மாற்றுவது. ‘எந்த ஆராய்ச்சிக்கும்’, ‘மருத்துவ ஆராய்ச்சிக்கு மட்டும்’, ‘இந்த நோய்க்கு மட்டும்’ என்று குறித்துவிட்டால், தெளிவான விண்ணப்பங்கள் உடனே நகரும். நீரிழிவுக்கு மட்டும் என்று குறித்த தரவை, நீரிழிவுக்காரர்களின் மனச்சோர்வை ஆராயக் கேட்கிறார் ஒருவர். சரி, இது அந்த நோய்க்குள் வருமா? அங்கே குழு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.