மூணு வருஷம் தின் கிளையன்ட்ல டிராயிங் போட்ட அனுபவம்: அந்த ரெட்டு கோடு

போன வாரம் ஆபீஸ்ல ஒரு தின் கிளையன்ட் டப்பாவோட அடாப்டர் போயிடுச்சுன்னு ரிட்சி ஸ்ட்ரீட் போயிருந்தேன், அங்க நிக்கும்போது அம்பத்தூர்ல வேலை பாக்குற ஃபிரண்டு போன் பண்ணான், "மச்சி, எங்க ஆபீஸ்ல சிபியு எல்லாத்தையும் தூக்கிட்டு தின் கிளையன்ட் வெக்கப் போறாங்களாம், ஆட்டோகேட் ஓடுமாடா"ன்னு. (ஆட்டோகேட்னா நாங்க டிராயிங் போடுற சாஃப்ட்வேர். தின் கிளையன்ட்னா ஒரு சின்ன டப்பா, புரோகிராம் எல்லாம் சர்வர்ல ஓடும், அதோட ஸ்கிரீன் மட்டும் இந்த டப்பா வழியா மானிட்டருக்கு வரும்.) ஓடும்டான்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். அப்புறம் மனசு கேக்கல, அதான் முழுசா எழுதுறேன்.

எங்களுது கிண்டி எஸ்டேட்ல சின்ன ஸ்ட்ரக்சுரல் டிராயிங் ஆபீஸ், ஒம்பது சீட்டு. சர்வர் மாடியில, கீழ ஒவ்வொரு மானிட்டர் பின்னாடியும் ஒரு டப்பா, ஆர்டிபில (விண்டோஸோட ரிமோட் டெஸ்க்டாப்) சர்வரோட கனெக்ட் ஆகும். வந்த முதல் வாரமே ஜூனியர் பொண்ணு கூப்பிட்டா, "அண்ணா, இது 3350ஆ 3850ஆ?" கருப்பு பேக்கிரவுண்ட்ல ரெட்டு டைமென்ஷன். கிட்ட போய் பாத்தா கோடு மங்கி, எழுத்து ஓரமெல்லாம் ஈஷின மாதிரி இருக்கு. வெள்ளைக் கோடு பளிச்சுன்னு இருக்கு, ரெட்டும் புளூவும் மட்டும் தான் இப்படி. தூணுக்கும் தூணுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியை 500 எம்எம் தப்பா படிச்சா சைட்ல என்ன ஆகும்னு இந்த வேலை தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல.

வெண்டருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "நல்லா தான சார் இருக்கு"ன்னாரு. நானும் திறந்து பாத்தேன், வேற கம்ப்யூட்டர்ல நல்லா தான் இருக்கு! பிரிண்ட் எடுத்தாலும் பளிச். மானிட்டர் கேபிள் மாத்தினோம், மானிட்டரையே மாத்தினோம், கடைசியில "ரேம் பத்தல சார்"னு சொல்லி சர்வருக்கு ரேமும் வாங்க வெச்சாங்க. ஒண்ணும் மாறல. ரெண்டு வருஷம் இப்படியே ஓடுச்சு.

விஷயம் என்னன்னா, ஸ்கிரீன்ஷாட் சர்வருக்குள்ளயே எடுக்குறது, அங்க படம் சுத்தமா தான் இருக்கு, கெட்டுப் போறது வழியில. 1920க்கு 1080 ஸ்கிரீனை நொடிக்கு 30 தடவை அப்படியே அனுப்பினா நொடிக்கு கிட்டத்தட்ட 149 கோடி பிட், நம்ம கிகாபிட் லைனே 100 கோடி தான், அதனால சுருக்கித்தான் அனுப்பணும். எங்க செட்டப்ல வீடியோவை சுருக்குற அதே எச்.264 தான் ஸ்கிரீனையும் சுருக்குச்சு, அதுவும் 4:2:0ல. அதாவது வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் போகும், கலர் மட்டும் நாலு பிக்சலுக்கு ஒண்ணு. சினிமா பாக்க இது போதும், கண்ணு கண்டுபிடிக்காது. ஆனா ஒரு பிக்சல் அகலத்துல ரெட்டு கோடு இருந்தா அதோட கலர் பக்கத்துல இருக்குற கருப்போட கலந்துடும், வெளிச்சக் கணக்குல ரெட்டுக்கு பங்கு ஏற்கனவே கம்மி, புளூவுக்கு அதை விட கம்மி, அப்புறம் கோடு எப்படி தெரியும்?

மருந்து 4:4:4, அதாவது கலரும் ஒவ்வொரு பிக்சலுக்கும் போகும். சர்வர் குரூப் பாலிசில (விண்டோஸ்ல அட்மின் மாத்துற செட்டிங்) ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ஏவிசி 444 மோடுக்கு முன்னுரிமை குடுக்குற ஆப்ஷன் இருக்கு (ஏவிசின்னா அதே எச்.264 தான்), டப்பா பக்கமும் ஃபர்ம்வேர், அதாவது டப்பாவுக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர், அதை சப்போர்ட் பண்ணணும். ரெண்டையும் பண்ணின அன்னிக்கு அந்தப் பொண்ணு ஸ்கிரீனைப் பாத்துட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்ல. பத்து நிமிஷ வேலை, இதை ரெண்டு வருஷமா யாருமே சொல்லல, இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

வீடியோ தனிக் கதை. யூடியூப் ஃபுல் ஸ்கிரீன்ல போட்டா சர்வர் அதைப் பிரிச்சு, படமாக்கி, திரும்ப சுருக்கி அனுப்பும், டப்பா மறுபடி பிரிக்கணும். சத்தம் வேற வழியா வரும், அதனால வாய் அசையுறதும் குரலும் ஒட்டாது. சுருக்கின வீடியோவை அப்படியே டப்பாவுக்கு தள்ளிவிடுற ரீடைரக்‌ஷன் இருந்தா சரியாகும், எங்க மாடல்ல அது வரல, அதனால கஸ்டமரோட மீட்டிங் எல்லாம் போன்ல தான். 3டி மாடலை சுத்திப் பாக்கணும்னா சர்வர்ல கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேணும். பழைய கட்டுரையில ரிமோட்எஃப்எக்ஸ் விஜிபியு (ஒரே கிராபிக்ஸ் கார்டை பல பேருக்கு பங்கு போட்டுக் குடுக்குற மைக்ரோசாஃப்ட் வசதி) போட்டுக்கோன்னு எழுதியிருப்பாங்க, அதை நம்பாதீங்க, செக்யூரிட்டி ஓட்டைன்னு மைக்ரோசாஃப்ட் 2021லயே எடுத்துட்டாங்க.

நல்லதும் சொல்லணும். ஃபேன் இல்ல, சத்தம் இல்ல, மே மாசத்துல டேபிள் அடியில அனல் அடிக்குறது நின்னுடுச்சு. ஒரு மழை நாள்ல கீழ யுபிஎஸ் மொத்தமா படுத்துடுச்சு, கரண்ட் வந்து லாகின் பண்ணா சர்வர்ல செஷன் அப்படியே இருக்கு, பாதி டைப் பண்ண டிரிம் கமாண்டு கர்சரோட நிக்குது. எனக்கு கண்ணே கலங்கிடுச்சு, பழைய சிபியுவா இருந்தா அரை நாள் வேலை போயிருக்கும்.

ஆனாலும் மறுபடி வாங்குவியான்னு கேட்டா டிராயிங் சீட்டுக்கு வாங்க மாட்டேன். அக்கவுண்ட்ஸுக்கு தாராளமா வாங்கலாம். 4:4:4 போட்டப்புறம் கோட்டுல குறையே இல்லன்னு தெரியும், தெரிஞ்சும் மனசு வரல, அந்தப் பொண்ணு இன்னும் ஒவ்வொரு ரெட்டு டைமென்ஷனையும் ஜூம் பண்ணிட்டு தான் படிக்கிறா.

மச்சி, டெமோ காட்ட வந்தா அவங்க கொண்டு வர வீடியோவைப் பாக்காத, உன் டிராயிங்கைத் திறந்து ரெட்டு, புளூ கோட்டைப் பாரு, ஸ்கிரீன்ஷாட் வேணாம், மானிட்டரை போன்ல ஃபோட்டோ எடு. சந்தேகம்னா சனிக்கிழமை கிண்டிக்கு வா, ரெண்டு மோடையும் மாத்தி மாத்தி காட்டுறேன்.