கொழும்பில் வாங்கிய உலர் வலய மரக்கன்றுகள்

வன்னியில், செட்டிகுளத்துக்கு அப்பால் என் பெரியம்மாவுக்கு மூன்று ஏக்கர் காணி இருக்கிறது. போர்க்காலத்தில் கைவிடப்பட்டு, பின்னர் டோசர் போட்டுத் துப்புரவாக்கப்பட்ட அந்த நிலத்தில் மறுபடியும் நாட்டு மரங்களை உண்டாக்கும் எண்ணத்தோடு, கொழும்பின் புறநகரில் உள்ள ஒரு நாற்றுப்பண்ணையில் சென்ற ஆண்டு வைகாசியில் 24 கன்றுகளை வாங்கினேன். பண்ணையின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறை அங்கு மட்டும் உள்ளதன்று.

வகைகளைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. பாலை, வீரை, முதிரை, கருங்காலி, இலுப்பை, விளா, மருது ஆகியவற்றை, அலங்காரச் செடிகளே நிறைந்த நகரக் கடைகளுக்கு நடுவில் ஓரிடத்தில் காண்பது மகிழ்ச்சி தந்தது. பெயரட்டைகள் சிங்களத்தில் மட்டுமே இருந்தன. 'பலு' என்றால் பாலை, 'புருத' என்றால் முதிரை என்று நான் சொன்னபோது, அங்கு வேலை செய்த இளைஞர் பேனாவை என்னிடமே தந்து, எல்லா அட்டைகளிலும் தமிழ்ப் பெயரை எழுதச் சொன்னார். கன்று ஒன்றின் விலை 350 ரூபா.

ஆனால் காணி எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. "மழை தொடங்கிவிட்டது, உடனே நட்டுவிடுங்கள்" என்றார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்புக்கு அது சரியான அறிவுரைதான். தென்மேற்குத் தாழ்நிலத்திலும் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலும் மழையைக் கொட்டும் அதே காற்று, வன்னிக்கு வரும்போது மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் கச்சான் என்னும் வறண்ட காற்றாகவே வருகிறது. வன்னியும் அடங்கிய உலர் வலயத்துக்குக் கிடைக்கும் ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்கும் குறைவு; அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவத்தில் பெய்து முடிகிறது. "மாரி விழட்டும் பிள்ளை" என்று பெரியம்மா தடுத்தார். நான் பாதியை வைகாசியிலேயே நட்டேன். மீதியை அவர் வீட்டுக் கோடியில் நிழலில் வைத்திருந்து ஐப்பசியில் நட்டார்.

வைகாசியில் நட்ட பன்னிரண்டில் கிணற்றடியில் நின்ற ஒன்று மட்டுமே பிழைத்தது. பட்டுப்போன கன்றுகளைப் பிடுங்கிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. சிறிய பொலித்தீன் பைக்குள் ஆணிவேர் சுருண்டு வட்டமாகச் சுற்றியிருந்தது. பையில் நிரப்பியிருந்த தும்புத்தூள் காய்ந்து சுருங்கி, சுற்றியிருந்த செம்மண்ணை விட்டு விலகிக் கிடந்தது. உலர் வலய மரத்தின் கன்று இலையை விரிப்பதற்கு முன்னரே வேரைக் கீழே இறக்கப் பார்க்கும். அடுத்த கோடையைத் தாங்குவதற்கு அதற்குள்ள வழி அது ஒன்றே. நாள்தோறும் தண்ணீரும் வலைநிழலும் பெற்று வளர்ந்த கன்று பார்வைக்குச் செழிப்பாக இருந்தாலும் அந்த வழியை இழந்துவிடுகிறது. மேட்டுக்காணிக்கென்று மருதைத் தந்ததும் தவறே. அருவியாற்றங்கரையிலும் குளக்கட்டுகளின் கீழும் ஈரத்தில் காலூன்றி நிற்கும் மரம் அது.

ஐப்பசியில் நட்ட பன்னிரண்டில் எட்டு இன்றும் நிற்கின்றன. இவற்றுள் ஆறு, வேலியோரம் தாமாக எழுந்த காரை, கிளாப் பற்றைகளின் அருகே நடப்பட்டவை என்பதுதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. வெட்டி எரிக்க வேண்டிய குப்பையாக நான் நினைத்திருந்த அந்த முட்பற்றைகள், நண்பகல் வெயிலை மறைத்து, சருகை உதிர்த்து மண்ணின் ஈரத்தைக் காத்து, ஆடுகளையும் அண்டவிடாமல் இளங்கன்றுகளைக் காப்பாற்றியிருந்தன. அங்கே வந்து குந்தும் பறவைகளின் எச்சத்திலிருந்து நாங்கள் நடாத கன்றுகளும் முளைத்திருக்கின்றன. டோசர் விட்டுவைத்த பழைய அடிக்கட்டைகள் சிலவும் தளிர்த்துள்ளன. இவற்றுக்காக நாங்கள் ஒரு சதமும் செலவழிக்கவில்லை. கன்று விற்பவர்கள் இதையும் வாங்குவோருக்குச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

கொழும்பிலோ கம்பகாவிலோ வீட்டு வளவில் நடுவதற்கு இந்தப் பண்ணையை மனநிறைவோடு பரிந்துரைப்பேன். வன்னிக்கோ மன்னாருக்கோ கொண்டுபோவதாயின், நீளமான பையில் வளர்ந்த, சிறிய, தண்டு தடித்த கன்றையே கேட்டு வாங்குங்கள். உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்த ஆடியில் வேர்களின் படங்களைக் கொண்டுபோய்க் காட்டியபோது, உரிமையாளர் தட்டிக் கழிக்காமல் முழுவதையும் கேட்டார். இருபது பாலை, வீரைக் கன்றுகளை நீண்ட பைகளுக்கு மாற்றி, தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, வெயிலில் வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். புரட்டாதி இறுதியில் எடுக்கப் போகும்போது, ஒரு பையைக் கிழித்து வேரைப் பார்த்த பிறகே பணம் தருவேன் என்றேன், அதற்கும் சம்மதித்தார்.