பெரியப்பா காலும் ஊர் ஆஸ்பத்திரியும்

இந்தத் தடவை ஊர் விடுமுறையில் பாதி, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கழிந்தது. வரப்பில் நடந்த பெரியப்பாவுக்குக் காலில் முள் ஏறிவிட்டது. அவர் பழைய சுகர்காரர்.

முதலில் போனது பக்கத்துத் தெரு கிளினிக். வலி ஊசி, களிம்பு, "நாளைக்கு வாங்க". பார்வைக்கு லேசான சிவப்புதான், ஆனால் போர்வை பட்டாலே மனிதர் அலறினார். புண்ணைவிட வலி பெரிதாக இருப்பதுதான், உள்ளே சதையை அழுகவைக்கும் இந்த நோயின் முதல் அறிகுறியாம். அதை அங்கே யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ராத்திரிக்குள் முழங்கால்வரை வீக்கம், கருநீலக் கொப்புளம்.

108 சீக்கிரமே வந்தது, காசு கிடையாது. ஆம்புலன்ஸில் கூட வந்த ஊழியர் தம்பி விரலில் குத்தி சுகர் பார்த்தார். மீட்டரில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. பிபியும் இறங்கியிருந்தது. போகிற வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

டியூட்டி சர்ஜன் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். தோலுக்கடியில் நறநறவென்றது. ஸ்கேனுக்குக் காத்திருக்கவில்லை, கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரே ஆபரேஷன் தியேட்டர். 'நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ்', அதாவது தசையைச் சுற்றியுள்ள உறை அழுகி வேகமாகப் பரவுவது. நல்ல சிகிச்சை கிடைத்தாலும் 20 முதல் 30 சதவீதம் பேர் பிழைப்பதில்லை என்றார். ஆன்டிபயாடிக் மட்டும் போதாது, ரத்த ஓட்டம் செத்த சதைக்குள் மருந்து போய்ச் சேராது. எவ்வளவு சீக்கிரம் வெட்டி எடுக்கிறோம் என்பதுதான் பெரும்பாலும் உயிரைத் தீர்மானிக்கிறது. வயது, சுகர், கிட்னி, வரும்போதே பிபி இறங்கியிருப்பது எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். மறுநாளே திரும்பத் திறந்து பார்த்து இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள்.

நான் இருக்கும் சிங்கப்பூரில் 2004-இல் இதற்கென்றே ரத்தப் பரிசோதனை மதிப்பெண் முறை ஒன்றை வெளியிட்டார்கள். சிஆர்பி (உடம்பில் அழற்சியைக் காட்டும் புரதம்), வெள்ளணு, ஹீமோகுளோபின், சோடியம், கிரியாட்டினின் (கிட்னி வேலையைக் காட்டுவது), சுகர் என்று ஆறு. மதிப்பெண் குறைவாக வந்தாலும் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது, கையால் தொட்டுப் பார்ப்பதுதான் முக்கியம் என்றார் அந்த சர்ஜன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

குறை இல்லாமல் இல்லை. ஸ்ட்ரெச்சர் தள்ள ஒவ்வொரு தடவையும் கை நீட்டினார்கள், கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மேல். ஆனால் நடுராத்திரியில் தியேட்டர் தயாராக இருந்தது. அதற்கு முன்னால் மற்றதெல்லாம் எனக்குச் சின்ன விஷயம்.

இரண்டு விரல் போனது, கால் தப்பியது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஒழுங்காகப் போடுகிறாரா என்பதைப் பெரியம்மாவைத்தான் கேட்க வேண்டும்.