பதிவின் எல்லை எங்கே? பல வரித் தரவைப் பிரிக்கும் நான்கு முறைகள்

முகவரியோ வாடிக்கையாளர் கருத்தோ ஒரே வரியில் அடங்குவதில்லை. அதைக் கோப்பில் எழுதியதும், படிக்கும் நிரல் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பதிவு, அதாவது ஒரு முழு முகவரி அல்லது கருத்து, எங்கே முடிகிறது என்பதைத்தான். இதற்கு ஒவ்வொரு வடிவமும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது.

ஒரு பதிவின் தனித்தனி மதிப்புகளான புலங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி, மேற்கோளை நம்புகிறது. இந்த வடிவத்தை விவரிக்க 2005-ல் வெளிவந்த ஆர்எஃப்சி 4180 ஆவணத்தின்படி, புலத்துக்குள் வரி முறிவு இருந்தால் அதை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். எக்செல் முதல் தரவுத்தளம் வரை எல்லாம் திறக்கும் வடிவம் இது. ஆனால் கோப்பின் நடுவிலிருந்து ஒரு வரியை எடுத்துப் பார்த்தால், அது பதிவின் தொடக்கமா புலத்தின் உட்பகுதியா என்று சொல்லவே முடியாது. தொடக்கத்திலிருந்து படித்து வந்தால்தான் தெரியும். மேற்கோள் ஒன்று விடுபட்டால், அதற்குப் பின் மேற்கோளுக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் இடம் மாறிவிடும். பல சமயம் பிழைச்செய்தி கூட வராது. வரிவரியாக வெட்டிக் காற்புள்ளியில் பிரிக்கும் நிரலை இங்கே எழுதவே கூடாது. பைத்தான் நிரல்மொழியின் சிஎஸ்வி தொகுதி இதைச் சரியாகக் கையாளும். கோப்பைத் திறக்கும்போது வரி முறிவு மாற்றத்தை அணைத்துவிடுங்கள். உரையைப் பிரித்துக் கையாளும் ஆக் கருவியின் குனு பதிப்பான ஜிஆக் 5.3-லும் இதற்கென விருப்பத்தேர்வு வந்துவிட்டது.

நாட்காட்டிக் கோப்பான ஐகேலண்டர் நீண்ட வரியை மடிக்கிறது. 75 பைட்டைத் தாண்டினால் வரியை முறித்து, அடுத்ததை ஓர் இடைவெளியோடு தொடங்குகிறது. தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் 'க' என்பது 3 பைட், 'கொ' என்பது 6 பைட். கவனமில்லாத நிரல் எழுத்தின் நடுவிலேயே மடித்துவிடும். ஆகவே பைட்டுகளாகப் படித்து, மடிப்பை நீக்கி, அதன்பின் எழுத்தாக மாற்றுங்கள். வரிசை மாறினால் எழுத்து சிதையும்.

லினக்ஸ் வகையான டெபியனின் மென்பொருள் தொகுப்புப் பட்டியல் பதிவுகளை வெற்று வரியால் பிரிக்கிறது. ஆக்கில் பதிவுப் பிரிப்பானை வெறுமையாக்கினால் போதும். ஒரு பதிவு கெட்டாலும் அடுத்த வெற்று வரியில் நிரல் மீண்டும் சரியான இடத்துக்கு வந்துவிடும். ஆனால் விளக்கத்துக்குள் வெற்று வரி வேண்டுமென்றால் இடைவெளியும் ஒரு புள்ளியும் போட்டுத்தான் காட்ட வேண்டும்.

என் தேர்வு, ஒவ்வொரு பதிவையும் ஜேசன் என்ற தரவு வடிவில் ஒரு வரியாக எழுதும் ஜேசன் லைன்ஸ். ஜேசன் விதிப்படி சரத்துக்குள் வரி முறிவு அப்படியே வர முடியாது. பின்சாய்கோட்டுக் குறியாகத்தான் எழுத வேண்டும். அதனால் ஒரு வரி என்றால் ஒரு பதிவுதான். வரிவரியாகத் தேடும் கிரெப் கருவி வேலை செய்யும். பெரிய கோப்பை எந்த வரி முடிவிலும் துண்டாக்கிப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். புலப்பெயர்கள் ஒவ்வொரு வரியிலும் திரும்ப வருவதால் கோப்பு பெரிதாகும். சுருக்கி வைத்தால் அது பெரிதும் குறைந்துவிடும்.

வெளியிலிருந்து சிஎஸ்வி வந்தால் முறையான பாகுபடுத்தியால் ஒரே முறை படித்து, ஜேசன் லைன்ஸாக மாற்றிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். கணக்குப் பிரிவுக்குத் திருப்பித் தரும்போது மட்டும் மீண்டும் சிஎஸ்வி ஆக்கினால் போதும்.