சர்வைவிங் மார்ஸ்: ட்ரோன் சொல் கேளாத நாளுக்கு முன்னேற்பாடு

செவ்வாயில் கொலனி கட்டும் கணினி விளையாட்டு சர்வைவிங் மார்ஸ். 2018 மார்ச்சில் வெளிவந்த இதில் முதல் 12 குடியேறிகள் செவ்வாயில் இறங்குமுன்பே பாதி விளையாட்டு தீர்ந்துவிடுகிறது. கட்டுவது, சுமப்பது, பழுது பார்ப்பது எல்லாம் ட்ரோன்களின் வேலை. கொலனி ஏன் விழுந்தது என்று கேட்டால் ஒட்சிசன் முடிந்தது, தண்ணீர் முடிந்தது என்பார்கள். பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் அது ட்ரோன்களை இயக்கும் நிலையமான ஏதோவொரு ட்ரோன் ஹப்பில்தான் போய் நிற்கும்.

அந்தச் சங்கிலி இப்படி. கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் திருகோணமலையில் யன்னலைச் சாத்தி வைத்தாலும் மேசையில் மண் படியும். விளையாட்டிலும் அதே கதைதான், வெளியே நிற்கும் கட்டடங்களில் தூசி ஏறிக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் பராமரிப்புக்குப் பொருள் கேட்கும்: சூரியத் தகட்டுக்கு மெட்டல், காற்றாலைக்கு மெஷின் பார்ட்ஸ், ஸ்டெர்லிங் ஜெனரேற்றருக்குப் பொலிமர், ட்ரோன் ஹப்புக்கு எலக்ட்ரோனிக்ஸ். தூசிப் புயல் வந்தால் ஒட்சிசன் தரும் மொக்ஸியும் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் ஈரப்பத வேப்பரேற்றரும் நின்றுவிடும், றொக்கற்றும் இறங்காது. அந்த நேரம் பார்த்து எலக்ட்ரோனிக்ஸ் தீர்ந்தால் ஹப் பழுதாகும். ஹப்பைத் திருத்த ட்ரோன் வேண்டும், ட்ரோனை இயக்க ஹப் வேண்டும். ஆட்டம் அங்கேயே இறுகிவிடும்.

இதற்கு மருந்து ஆர்சி கமாண்டர் றோவர், சொந்த ட்ரோன்களோடு ஓடும் வண்டி. அதன் ட்ரோன்கள் ஹப்பை நம்பி இருப்பவை அல்ல. ஆரம்பத்தில் கொண்டுவந்த றோவரைத் தூரத்துச் சுரங்க வேலைக்கு அனுப்பிவிட்டு மறக்கிறவர்கள் அதிகம். அதைப் பிரதான ஹப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வையுங்கள். எட்டும் தூரத்தில் எலக்ட்ரோனிக்ஸுக்கென்று தனிக் களஞ்சியம் ஒன்று போடுங்கள். அரிய உலோகம் முழுவதையும் பூமிக்கு ஏற்றி அனுப்பிப் பணமாக்கும் ஆசையை அடக்குங்கள், எலக்ட்ரோனிக்ஸ் தொழிற்சாலைக்கும் அதுதான் மூலப்பொருள்.

இரண்டாவது ஹப்பை முதலாவதின் எல்லையோடு கொஞ்சம் மேற்பொருந்தும்படி வையுங்கள். பொதுவான பரப்பில் ஒரு களஞ்சியம் இருந்தால் ஒரு ஹப்பின் ட்ரோன் கொண்டுவந்து போட்டதை மற்றதன் ட்ரோன் எடுத்துப் போகும். ஹப்பின் சுமை 'அதிகம்' என்று காட்டினால் உடனே புது ட்ரோன் வாங்கத் தேவையில்லை. சும்மா நிற்கும் ஹப்பில் சிலவற்றைப் பிரித்துப் பொதியாக்கி, இங்கே இறக்கலாம்.

குடியேறிகள் வாழும் ஆரம்பக் கூடாரமான பேசிக் டோமுக்கு 80 கொங்கிறீட், 20 மெட்டல், 10 பொலிமர். கொங்கிறீட்டையும் மெட்டலையும் அங்கேயே எடுக்கலாம், பொலிமரை மட்டும் பூமியிலிருந்து கொண்டுபோங்கள்.

இந்த விளையாட்டுக்குத் தமிழ் இல்லை, குறை பெரிதுதான். நிறுவிய பிறகு இணையம் இல்லாமலும் ஆடலாம் என்பது டேட்டா பார்த்துச் செலவழிக்கிறவர்களுக்கு ஆறுதல். கொலனி பெருக்கப் பெருக்க ப்ரொசெசருக்கு வேலை கூடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோர வீடுகளில் உப்புக்காற்று லப்டொப் விசிறியை ஏற்கெனவே அரித்திருக்கும், ஆகவே நிழல் தரத்தைக் குறைத்து, கிராபிக்ஸ் ட்ரைவரில் விநாடிக்கு 30 ஃப்ரேம் என்று மட்டுப்படுத்தி ஆடுவது நல்லது. கரண்ட் போகும் நாட்களில் தானியங்கி சேமிப்பை மட்டும் நம்பாதீர்கள், புயல் எச்சரிக்கை வந்த உடனே கையாலும் ஒரு சேவ் போடுங்கள்.

இனி ரோபோக் கலகம். புது ஆட்டம் தொடங்கும்போது மர்மக் கதைகளில் 'செயற்கை நுண்ணறிவு' என்பதைத் தெரிவு செய்தால் நாம் வளர்த்த இயந்திரங்களே நம் கையை விட்டுப் போகும். கதையை இங்கே உடைப்பது அநியாயம். அதுவரை 'ட்ரோன் பார்த்துக்கொள்ளும்' என்று விட்ட ஒவ்வொரு இடமும் அப்போது வலிக்கும் என்பதே இதை இத்தனை வலுவான கதையாக்குகிறது. முதல் ஆட்டத்திலேயே அதை எடுக்க வேண்டாம். மர்மம் இல்லாமல் ஒரு கொலனியை நிலைநிறுத்திப் பழகிய பிறகு அடுத்த ஆட்டத்தில் எடுங்கள். அதிலும் இரண்டு ஹப், ஒரு கமாண்டர், புயல் முடியும்வரை தாங்கும் தண்ணீர்த் தாங்கியும் ஒட்சிசன் தாங்கியும் முன்கூட்டியே தயாராக வையுங்கள்.